கொலுசுப் பட்டறைக்கு ரோடியம் உப்பு: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

சேலத்தில் கொலுசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ரோடியம் முலாம், அதாவது வெள்ளியின் மேல் மின்சாரத்தால் படியவைக்கும் வெண்மையான ரோடியம் உலோகப் பூச்சு, புதிய விஷயமில்லை. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் பெரும்பாலான பட்டறைகள் பாலிஷ் முடிந்த கையோடு கொலுசை முலாம் போடுபவரிடம் கொடுத்து, கூலி தந்து வாங்கிவிடும். ரோடியம் உப்பு (அந்த உலோகத்தின் சேர்மம்) வாங்கிச் சொந்தமாகப் போடலாம் என்று கிளம்பும்போதுதான் தலை சுற்றும். கெமிக்கல் கடையில் ஒன்று சொல்வார்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் வேறொன்று சொல்வார், ஆடிட்டருக்கு அந்தப் பொருளின் பெயரே புதிதாக இருக்கும். இப்படி நான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு கேள்வியை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: “இதில் ரோடியம் உலோகம் எத்தனை கிராம்?” பாட்டில் வாங்கும்போதும், கரைசல் ஓட்டும்போதும், கழுவிய தண்ணீரைக் கொட்டப் போகும்போதும் இதே கேள்விதான்.

1. சொந்தமாகச் செய்ய வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

நாளுக்கு நாலைந்து ஜோடிக்கு மட்டும் ரோடியம் கேட்கிறார்கள் என்றால் வேண்டாம், கூலிக்கே கொடுங்கள். ஒரு லிட்டர் கரைசலில் 2 கிராம் ரோடியம் சும்மா முடங்கிக் கிடக்கும். வேலை இல்லாத வாரத்திலும் அந்தப் பணம் உங்களுடையதுதான். ஓர் இரும்புத் துண்டு தவறி உள்ளே விழுந்தால் மொத்தக் கரைசலும் கெட்டுப்போகலாம்.

கல் வைத்த கொலுசு, வெள்ளைத் தங்கம்போலத் தெரிய வேண்டும் என்று வெளியூர்க் கடைகள் கேட்கும் ரகம், இவற்றில் தொடர்ந்து ஆர்டர் இருந்தால் யோசிக்கலாம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும், ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். ஏற்காட்டில் மழை, பனிக் காலத்தில் கடையில் தொங்கும் வெள்ளிச் சாமான்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரோடியம் அப்படிக் கறுப்பதில்லை. அதற்காகத்தான் வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுக்கிறார்.

முத்து, பவளம் பதித்த சாமானை இந்தக் கரைசலில் இறக்கவே கூடாது. இது அமிலம், அரித்துவிடும்.

2. எந்த உப்பு என்று தெளிவாகுங்கள்

“ரோடியம் சால்ட்” என்று கேட்டால் கடையில் மூன்று விதமான பொருள் வரலாம்.

ரோடியம் சல்பேட்: முலாமுக்குப் பெரும்பாலும் பயன்படுவது இதுதான். கந்தக அமிலத்தில் கரைந்த திரவமாகத்தான் விற்பார்கள், மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் இருக்கும். நிறத்தைப் பார்த்து அடர்த்தியை மதிப்பிட முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம்.

ரோடியம் பாஸ்பேட்: வெண்மைக்காகச் சிலர் விரும்புவது. தொடங்குபவர்களுக்கு அவசியமில்லை.

ரோடியம் குளோரைடு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இது கருஞ்சிவப்பான படிகம், ஈரத்தை இழுக்கும், தண்ணீரில் கரையும். ஆய்வகங்களும் வினையூக்கி தயாரிப்பவர்களும் அதிகம் வாங்கும் பொருள் என்பதால், தேடினால் முதலில் கண்ணில் படுவதும் விலைப்பட்டியல் கிடைப்பதும் இதற்குத்தான். “ரோடியம்தானே, எதுவானால் என்ன” என்று வாங்கி வெள்ளியை அதில் இறக்கினால், குளோரைடும் வெள்ளியும் சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகப் படியும். முலாம் திட்டுத் திட்டாக வரும், ஆனோடில் (கரைசலில் இறக்கும் நேர்மின் தகட்டில்) குளோரின் வாயுவும் கிளம்பலாம். வெள்ளி வேலைக்கு இது வேண்டாம்.

குளோரைடிலேயே நீரேறிய வகை, நீரற்ற வகை என்று இரண்டு உண்டு. நீரற்றது தண்ணீரில் கரையாது. யாராவது “இதில் ரோடியம் சதவீதம் அதிகம்” என்று சொல்லி அதைத் தள்ளிவிடப் பார்த்தால், சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பயனில்லை.

3. விலையை உலோகக் கணக்கில் போடுங்கள்

வெள்ளியைப்போல எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் ஓடும் விலை ரோடியத்துக்குக் கிடையாது. ஜான்சன் மாத்தே போன்ற நிறுவனங்கள் தினமும் வெளியிடும் டாலர் விலைதான் அடிப்படை. உலகில் வெட்டி எடுக்கப்படும் ரோடியத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதுவும் பிளாட்டினச் சுரங்கத்தின் உபபொருளாகத்தான். ரோடியம் விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் புதிதாக ரோடியம் சுரங்கம் தோண்ட முடியாது. வாங்குபவர்களில் பெரும்பங்கு கார் கம்பெனிகள், புகைக்குழாயில் வைக்கும் வினையூக்கிக்காக வாங்குகிறார்கள். நம்மைப்போன்ற நகைக்காரர்கள் அந்தச் சந்தையில் ஒரு ஓரம். அதனால்தான் விலை இப்படிக் குதிக்கிறது: 2021 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது, 2023 இறுதியில் 5,000-க்கும் கீழே வந்தது.

கணக்கு போடும் முறை இதுதான். இந்தச் சந்தையில் ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், ஆகவே அன்றைய டாலர் விலையை 31.1-ஆல் வகுத்தால் கிராம் விலை. அதை ரூபாயாக்குங்கள். எடுத்துக்காட்டுக்கு மட்டும், அவுன்ஸ் 5,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் ரோடியம் சுமார் 13,700 ரூபாய். உங்கள் நாளின் விலையைப் போட்டுத் திருப்பிக் கணக்கிடுங்கள்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கடையில் வழக்கமாகக் கிடைப்பது 100 மில்லியில் 2 கிராம் ரோடியம் உள்ள செறிவுக் கரைசல், அதை ஒரு லிட்டராகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன விலையில் அதன் உலோக மதிப்பு 27,400 ரூபாய். இதன்மேல் தயாரிப்புக் கூலியும் ஜிஎஸ்டியும் வரும். அதே அளவு பாட்டிலை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், உள்ளே இருப்பதும் அநேகமாகப் பாதிதான்.

இன்னொரு கண்ணி. “2 கிராம் ரோடியம்” என்பதும் “2 கிராம் ரோடியம் சல்பேட்” என்பதும் ஒன்றல்ல. நீரற்ற ரோடியம் சல்பேட்டின் எடையில் சுமார் 41.7 சதவீதம்தான் ரோடியம். அதாவது 2 கிராம் சல்பேட் என்றால் 0.83 கிராம் உலோகம். குளோரைடு மூன்று நீர் மூலக்கூறோடு வந்தால் 39 சதவீதம். லேபிளில் எந்தக் கிராம் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு கடை விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, ஒரு ஜோடிக்கு எவ்வளவு ஆகும்? ரோடியத்தின் அடர்த்தி 12.4. ஒரு சதுர டெசிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்பில், 0.1 மைக்ரான் தடிமனுக்கு 12.4 மில்லிகிராம் ரோடியம் வேண்டும். உங்கள் கொலுசு ஜோடியின் பரப்பு ஒன்றரை சதுர டெசிமீட்டர் என்று வைத்து, 0.05 மைக்ரான் மட்டும் போட்டாலும் 9.3 மில்லிகிராம். மேற்படி விலையில் 127 ரூபாய், உலோகம் மட்டும். மின்சாரம், ஆள்கூலி, கழிவு எதுவும் இதில் சேரவில்லை. இதைவிட மிகக் குறைந்த கூலிக்கு யாராவது ரோடியம் போட்டுத் தருகிறார் என்றால் அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை, மைக்ரானைக் குறைக்கிறார். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போது மைக்ரானையும் சேர்த்துப் பேசுங்கள்.

4. பேப்பர் வேலை

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். பாட்டில் வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டியது இது.

உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு): ஆதார், பான் போதும், அரசு இணையதளத்தில் இலவசம். இதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி: விலைமதிப்புள்ள உலோகச் சேர்மங்கள் 2843 என்ற எச்எஸ்என் (வரிக்கான பொருள் வகை எண்) தலைப்பில் வரும், வரி 18 சதவீதம். வெள்ளி நகைக்கு 3 சதவீதம். நீங்கள் சாதாரண ஜிஎஸ்டியில் இருந்தால் இந்த 18-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுவது) இருந்தால் எடுக்க முடியாது, அது முழுவதும் உங்கள் செலவு. சின்னப் பட்டறைகளில் பல காம்போசிஷனில்தான் இருக்கின்றன. ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிட்டு விலை நிர்ணயம் செய்யுங்கள்.

மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவு: மின்முலாம் பூசுவது சிவப்பு வகைத் தொழில், அதாவது மாசு அதிகம் என்று வாரியம் வகைப்படுத்தியது. சின்னப் பட்டறை, ஒரு பீக்கர் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. தொடங்குவதற்கு ஓர் இசைவு, இயக்குவதற்கு இன்னோர் இசைவு, இரண்டும் வேண்டும். விண்ணப்பம் இணையத்தில். வாடகை ஒப்பந்தம் அல்லது பத்திரம், நில வகைப்பாட்டுச் சான்று, பட்டறை வரைபடம், எந்தப் படியில் எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு, இயந்திரப் பட்டியல், முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்று, கழிவுநீரை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்டம், இவையெல்லாம் கேட்பார்கள். கட்டணம் முதலீட்டைப் பொறுத்தது. காலத்தை வாரங்களில் கணக்கிடாதீர்கள், மாதங்களில் வையுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இடத்தில்தான். வீட்டின் பின்கட்டிலோ குடியிருப்புத் தெருவிலோ முலாம் போட இசைவு கிடைப்பது கடினம். நீர்நிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பார்ப்பார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு உங்கள் இடத்துக்குப் பக்கம் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்திலும் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

அபாயகரக் கழிவு அங்கீகாரம்: 2016 விதிகளின்படி முலாம் பட்டறைக் கசடு அபாயகரக் கழிவு. படிவம் 1-இல் விண்ணப்பம், 90 நாளுக்கு மேல் கழிவைச் சேர்த்து வைக்கக் கூடாது, ஆண்டறிக்கையைப் படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் தர வேண்டும். இந்த 90 நாள் கணக்கு கடைசிப் படியில் திரும்ப வரும்.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் விலைமதிப்புள்ள உலோகச் சேர்மங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உண்டு. நவி மும்பையில் இந்துஸ்தான் பிளாட்டினம், கொல்கத்தாவில் அரோரா மாத்தே போன்றவை. நகை முலாமுக்கென்றே தயாரித்த இத்தாலிய, ஜெர்மன் கரைசல்களை இங்குள்ள டீலர்கள் வைத்திருப்பார்கள். நீங்களே நேரடியாக இறக்குமதி செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். 2843 தலைப்பில் வரும் சேர்மங்களின் இறக்குமதியை 2025 ஜூனில் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தார்கள், அனுமதி இல்லாமல் வந்தால் துறைமுகத்திலேயே நிற்கும்.

யாரிடம் வாங்கினாலும் பணம் அனுப்பும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

பகுப்பாய்வுச் சான்றிதழ். அதில் உள்ள பேட்ச் எண்ணும் பாட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோடியம் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதோடு, இரும்பு, செம்பு, நிக்கல், ஈயம் எவ்வளவு என்பதும் அதில் வேண்டும். இவை சிறிதளவு இருந்தாலே முலாம் மங்கும்.

பாதுகாப்புத் தகவல் தாள். எஸ்டிஎஸ் என்று கேட்டால் தெரியும். இதைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வாரிய விண்ணப்பத்துக்கும் இது உதவும்.

சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண். ரோடியம் சல்பேட்டுக்கு 10489-46-0. பில்லிலோ தாளிலோ வேறு எண் இருந்தால் வேறு பொருள்.

தொழில்நுட்பத் தாள். வெப்பம், வோல்ட்டேஜ், நேரம், எவ்வளவு தீர்ந்ததும் எதைச் சேர்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய கரைசலில் இன்னொருவருடைய நிரப்புக் கரைசலைக் கலக்காதீர்கள்.

விலை எத்தனை மணிவரை செல்லும் என்பதையும் கேளுங்கள். காலையில் வந்த கொட்டேஷன் மாலையில் மாறுவது சாதாரணம். பணம் போன நேரத்தின் விலையா, சரக்கு அனுப்பும் நாளின் விலையா என்று எழுதி வாங்காவிட்டால் தகராறு வரும், அதில் நீங்கள்தான் தோற்பீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஐசிபி (கரைசலில் உள்ள உலோக அளவைக் காட்டும் கருவி) வசதியுள்ள ஆய்வகத்தில் சில மில்லி கொடுத்து ரோடியம் அளவைப் பார்க்கலாம். முதல் முறை வாங்கும் டீலர் என்றால் நான் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். பரிசோதனைக் கட்டணம் ஒரு பாட்டில் விலையோடு ஒப்பிட்டால் சின்னது.

6. சேலம் வரை கொண்டுவருவது

மும்பை ஜவேரி பஜாரிலோ சென்னை சௌகார்பேட்டையிலோ வாங்கிப் பையில் போட்டு ரயிலில் ஏறிவிடுவது பலருடைய வழக்கம். செய்யாதீர்கள். இது அரிக்கும் அமிலத் திரவம், பயணிகள் ரயிலில் எடுத்துச் செல்லத் தடை. பஸ் பார்சலிலும் சாதாரண கூரியரிலும் “நகைச் சாமான்” என்று எழுதி அனுப்புவதும் இதே குற்றம்தான். வழியில் கசிந்தால் அடுத்தவர் மூட்டையும் கெடும், உங்கள் ரோடியமும் போகும், கேட்பதற்கு உங்களிடம் எந்தப் பேப்பரும் இருக்காது. அரிக்கும் பொருளை எடுத்துச்செல்ல ஒப்புக்கொள்ளும் சரக்கு நிறுவனம் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர்களில் நல்லவர்கள் இதைத் தாங்களே ஏற்பாடு செய்வார்கள், அதற்கான செலவைக் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய ஜிஎஸ்டி இணைய ஆவணம்) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் இந்த வரம்பு ஒரு லட்சம். மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன விலையில் இரண்டு பாட்டில் வாங்கினாலே 50,000-ஐத் தாண்டிவிடும்.

பார்சல் வந்ததும் திறக்கும் முன் போட்டோ எடுங்கள், மொத்த எடையையும் போட்டு எழுதி வையுங்கள். வெள்ளி நிறுக்கும் தராசு நம்மிடம் இருக்கிறதே.

7. வைப்பதும் கையாள்வதும்

விலை அதிகம் என்பதால் இரும்பு பீரோவில் பூட்டி வைக்கத் தோன்றும். இரும்பை இந்தக் கரைசல் அரிக்கும். வந்த பாட்டிலிலேயே, பிளாஸ்டிக் தட்டின் மேல், பூட்டுள்ள மர அலமாரியில் வையுங்கள்.

ரோடியம் உப்பு உடம்புக்கு என்ன செய்யும்? கண்ணில் பட்டால் நிரந்தரப் பாதிப்பு வரலாம், விழுங்கினால் தீங்கு. மரபணுவைப் பாதிக்கலாம் என்ற சந்தேகத்தில் ரோடியம் குளோரைடை எச்சரிக்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தோலில் தொடர்ந்து பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த வேலையையே விட வேண்டியிருக்கும். முலாம் ஓடும்போது ஹைட்ரஜன் குமிழ்கள் மேலே வந்து உடையும், அந்தச் சாரலில் அமிலமும் ரோடியமும் இருக்கும். கரையும் ரோடியம் சேர்மங்களுக்கு அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.001 மில்லிகிராம். எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள். ஆகவே ஜன்னல் திறந்திருந்தால் போதாது, கரைசலுக்கு நேர் பக்கத்திலிருந்து இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். நைட்ரைல் கையுறை, மூடிய கண்ணாடி, ஏப்ரன் இல்லாமல் பீக்கர் பக்கம் யாரும் போகக் கூடாது. குழந்தைகள் வந்துபோகும் வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால் இந்த வேலை அங்கே வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து வேறொன்று. வெள்ளிப் பட்டறையில் சயனைடு இருக்கும், வெள்ளி முலாமுக்கோ சுத்தம் செய்யவோ. ரோடியம் கரைசல் அமிலம். சயனைடும் அமிலமும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், அது சில நிமிடத்தில் உயிரை எடுத்துவிடும். வெள்ளி முலாம் போட்ட கொலுசைச் சரியாகக் கழுவாமல் நேரே ரோடியத்தில் இறக்குவதும், இரண்டு கழுவல் தண்ணீரும் ஒரே சாக்கடைக் குழாயில் சேர்வதும் இதே ஆபத்துதான். ஆகவே:

சயனைடு மேசையும் ரோடியம் மேசையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. கழுவும் தொட்டி, வாளி, கையுறை, கழிவுக் குழாய் எல்லாம் தனித்தனி. நிறம் மாற்றி வாங்குங்கள், சிவப்பு வாளி சயனைடுக்கு என்றால் என்றைக்கும் சயனைடுக்கு மட்டும். யாராவது மயங்கி விழுந்தால் நீங்களும் உள்ளே ஓடாதீர்கள். 108-ஐ அழைத்து, என்ன வாயு என்று சந்தேகிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது.

கண்ணில் தெறித்தால் உடனே குழாயடியில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, எஸ்டிஎஸ் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போங்கள். தாள் இல்லாமல் போனால் மருத்துவர் என்ன பொருள் என்று கேட்பதிலேயே நேரம் போகும்.

கீழே கொட்டினால் சோடா உப்புத் தூவி அமிலத்தை அடக்கி, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் தனி டப்பாவில் போடுங்கள். குப்பையில் போடாதீர்கள், அதிலும் ரோடியம் இருக்கிறது.

8. கரைசல் தயாரிப்பும் ஓட்டமும்

தண்ணீரில் தொடங்குவோம். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ போதாது, டிஎம் வாட்டர் (தாது உப்புகளை முழுக்க நீக்கிய தண்ணீர்) வேண்டும். மேட்டூர்க் குடிநீரானாலும் போர் தண்ணீரானாலும் குளோரைடு இருக்கும். சோதிப்பது எளிது: கொஞ்சம் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள், பால்போல வெளுத்தால் அந்தத் தண்ணீர் ஆகாது.

கூடுதல் அமிலம் சேர்க்கத் தாள் சொன்னால், ஏஆர் தர (ஆய்வகத் தூய்மையுள்ள) கந்தக அமிலம் வாங்குங்கள். பேட்டரிக் கடை அமிலத்தில் இரும்பு இருக்கும். 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அமிலம் விற்பவர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, காரணத்தை எழுதிக்கொண்டுதான் தர வேண்டும், ஆதார் நகலோடு போங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது.

கண்ணாடி பீக்கர், பிளாட்டினம் பூசிய டைட்டேனியம் ஆனோடு, ரிப்பிள் (கரண்டின் ஏற்ற இறக்கம்) குறைவான ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி), இவை அடிப்படை. வெப்பம் 40 முதல் 45 டிகிரி, வோல்ட்டேஜ் 3-ஐ ஒட்டி, நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் என்பது பொது வழக்கம், தாளில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கரண்ட் ஓடும்போதே சாமானை இறக்குங்கள், கரண்ட் ஓடும்போதே எடுங்கள். கரண்ட் இல்லாமல் உள்ளே கிடந்தால் வெள்ளியும் செம்பும் கரைந்து கரைசலைக் கெடுக்கும். கொக்கியாகப் பயன்படுத்தும் செம்புக் கம்பியின் மூழ்கும் பகுதிக்குக் காப்பு போடுங்கள். இரும்பு இடுக்கி அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

பாலிஷ் மெழுகு கண்ணிகளுக்கு இடையே ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் முலாம் பிடிக்காது. அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்வது), எலக்ட்ரோ கிளீனர் (கரண்ட் விட்டுச் சுத்தம் செய்வது), பல முறை டிஎம் தண்ணீர், பிறகு நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு, மறுபடி டிஎம் தண்ணீர், அப்புறம்தான் ரோடியம். சலங்கை வைத்த கொலுசில் சலங்கைக்குள் தண்ணீர் நிற்கும், ஒவ்வொரு படியிலும் உதறி எடுங்கள்.

ஆனோடு கரையாது, ஆகவே கரைசலில் உள்ள ரோடியம் குறைந்துகொண்டே போகும். ஒரு லிட்டரில் 2 கிராம் இருந்தால், அரை கிராம் தீர்ந்ததும் நிரப்புவது நல்லது. மேலே போட்ட கணக்கின்படி அது 53 ஜோடிக்குப் பக்கம். எவ்வளவு கரண்ட் எவ்வளவு நேரம் ஓடியது என்று கூட்டிக் காட்டும் ஆம்பியர்-நிமிட மீட்டர் வாங்கினால் சரியாகத் தெரியும். ஒரு ஆம்பியர்-நிமிடத்துக்குக் கணக்குப்படி 21 மில்லிகிராம் படிய வேண்டும், நடைமுறையில் அதில் பாதியோ அதற்கும் கீழோதான் வரும். மீதிக் கரண்ட் ஹைட்ரஜன் உண்டாக்கப் போய்விடுகிறது.

9. கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள்

ஒரு ஜோடிக் கொலுசு கண்ணிகளிலும் சலங்கையிலும் 2 மில்லி கரைசலை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4 மில்லிகிராம் ரோடியம். கொலுசின் மேல் படிந்ததோ 9.3. அதாவது, படிவதில் பாதிக்குப் பக்கம் கழுவும் தண்ணீரில் போகிறது, ஜோடிக்கு 55 ரூபாய்.

எனவே முதல் கழுவலைச் சின்னத் தொட்டியில், டிஎம் தண்ணீரில் செய்யுங்கள். கரைசல் சூட்டில் ஆவியாகி அளவு குறையும்போது, அந்தத் தொட்டித் தண்ணீரை எடுத்து நிரப்புங்கள். ரோடியம் திரும்பிவிடும். சாமான் சுத்தமாக இறங்கியிருந்தால் மட்டும் இது சரிவரும், அழுக்கும் சேர்ந்து திரும்பும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது கழுவலுக்குப் பிறகுதான் சாதாரணத் தண்ணீர்.

கரைசல் மங்கி, நிரப்பியும் வெண்மை வரவில்லை என்றால் உலோகக் கலப்பு ஏறிவிட்டது. கார்பன் வடிகட்டி எண்ணெய், மெழுகை எடுக்கும், செம்பையும் இரும்பையும் எடுக்காது. அப்போது சுத்திகரிப்பாளரிடம் அனுப்ப வேண்டியதுதான். துத்தநாகத் தூள் போட்டு நீங்களே ரோடியத்தை இறக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அமிலத்தில் துத்தநாகம் போட்டால் ஹைட்ரஜன் கொப்பளிக்கும், பக்கத்தில் ஊதுகுழல் எரியும் பட்டறையில் அந்த வேலையே வேண்டாம். கிடைக்கும் கறுப்புத் தூளையும் உங்களால் மறுபடி உப்பாக்க முடியாது, தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்திலேயே ரோடியம் எளிதில் கரையாது.

அபாயகரக் கழிவைக் கையாள அங்கீகாரம் உள்ள சுத்திகரிப்பாளராகப் பார்த்து, குறைந்தபட்சம் எவ்வளவு எடுப்பார், சுத்திகரிப்புக் கூலி எவ்வளவு, எத்தனை சதவீத ரோடியத்துக்குப் பணம் தருவார், எந்த நாளின் விலையில் தருவார் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். 90 நாள் வரம்பு இருப்பதால், அவர் கேட்கும் குறைந்தபட்ச அளவு சேரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. சேராது என்று தெரிந்தால், பக்கத்தில் இசைவோடு முலாம் போடும் பட்டறைகள் அனுப்பும் அதே வாரத்தில் நீங்களும் தனி பாட்டில், தனி மேனிஃபெஸ்டோடு (கழிவோடு போக வேண்டிய ஆவணம்) அனுப்புவது பற்றிப் பேசிப்பாருங்கள். அனுப்பும் முன் நன்றாகக் கலக்கி, 50 மில்லியை எடுத்து சீல் வைத்து, தேதியும் மொத்த எடையும் எழுதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தீர்வதற்கு வாரங்கள் ஆகும். அவருடைய அறிக்கையில் வரும் ரோடியம் அளவு உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால், மூன்றாவது ஆய்வகத்துக்குக் கொடுக்க அந்த 50 மில்லிதான் உங்களிடம் இருக்கும்.